பலகை மாறியது; நாற்காலி மாறவில்லை

ஊராட்சி மன்றங்களில் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துமேடையில், பண்டமாரான் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



ஊராட்சி மன்றம் என்ற தலைப்பைக் கேட்டதும் பலருடைய கை ரிமோட்டைத் தேடும் என்பது எனக்குத் தெரியும். நாடாளுமன்றம் என்றால் உட்கார்ந்து பார்ப்போம். ஊராட்சி என்றால் குப்பையும் சாக்கடையும்தானே என்று எழுந்து போய்விடுவோம். ஆனால் பிரதமர் நம் வீட்டு வாசலுக்கு வருவது எப்போதோ ஒரு முறை. ஊராட்சி மன்றத்தின் கை நம் வாசலில் தினமும் இருக்கிறது. வாசல் விளக்கு, பின்புறக் கால்வாய், பக்கத்து நிலத்தில் எழும் கட்டடம், அண்ணன் தம்பி போட்டிருக்கும் உணவுக் கடை, நாம் கும்பிடும் கோயில் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதனால் ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளான் அரச மாநகராக அறிவிக்கப்பட்டது. 1977 முதல் நகராண்மைக் கழகமாக இருந்தது, அன்று முதல் அரச மாநகர் மன்றம் ஆனது. தலைவர் என்று அழைக்கப்பட்டவர் டத்தோ பண்டார் ஆனார். பண்டமாரானில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் பெருமைதான். கிள்ளான் அரச நகரம், பெரிய துறைமுகம் உள்ள நகரம். 2020 மக்கள் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் தகுதி நமக்கு உண்டு.

ஆனால் எங்கள் பக்கத்தில் ரொட்டி சானாய் கடை நடத்தும் ஓர் அண்ணன் அந்த வாரம் என்னைக் கேட்டார்: "தம்பி, பலகையை மாத்திட்டாங்க. சட்டத்தையும் மாத்தினாங்களா?" நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. இன்றைய என் பேச்சு அவர் கேட்ட அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நமது நகரத்தின் சாசனம் எது?

சில நாடுகளில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனிச் சாசனம் உண்டு. நகரத்தை யார் ஆள்வது, பணத்தை யார் செலவு செய்வது, அவர்களை யார் கேள்வி கேட்பது என்பதை அது சொல்லும். நம் தீபகற்பத்தில் உள்ள ஊராட்சி மன்றங்களுக்குச் சாசனமாக இருப்பது ஒரே சட்டம். அது 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம். 171-வது சட்டம் என்று சொல்வார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு மன்றத்தில் டத்தோ பண்டார் அல்லது தலைவர் ஒருவர் இருப்பார். அவருடன் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்போகாமலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். இவர்கள் எல்லாரையும் மாநில அரசுதான் நியமிக்கிறது. உறுப்பினர்களின் நியமனக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்போகாது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும்.

இந்த எண்ணைக் கவனியுங்கள். கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய மாவட்ட மன்றத்துக்கும் 24 பேர்தான் உச்சவரம்பு. 10 லட்சம் பேர் வாழும் கிள்ளானுக்கும் அதே 24 பேர்தான். அதாவது, ஓர் உறுப்பினருக்கு 40,000 பேருக்கு மேல் வருகிறது. மாநகரானதால் இந்தக் கணக்கு மாறவில்லை.

அந்த அண்ணன் கேட்டாரே, அவருக்குரிய பதில் 107-வது பிரிவில் இருக்கிறது. ஊராட்சி மன்றம் கொடுக்கும் எந்த உரிமத்தையும் எந்த நேரத்திலும் காரணம் கூறாமலே ரத்து செய்யலாம். காரணம் கூறாமலே! இருபது ஆண்டு மாவு பிசைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதரின் பிழைப்பு அந்த இரண்டு சொல்லில் தொங்குகிறது. எல்லா அதிகாரிகளும் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் நல்ல மனிதரை நம்பி மட்டும் நல்ல சட்டம் எழுதக்கூடாது.

ஒரே நாற்காலியில் இரண்டு வேலை

இந்தச் சாசனத்தின் அடிப்படைக் குறை எது என்று கேட்டால், நான் ஒன்றைத்தான் சொல்வேன். டத்தோ பண்டார் நிர்வாகத்தின் தலைவர். அதிகாரிகள் எல்லாரும் அவருக்குக் கீழே. அதே டத்தோ பண்டார்தான் உறுப்பினர்களின் கூட்டத்துக்கும் தலைமை தாங்குகிறார்.

இதை நம் வழக்கப்படி பாருங்கள். ஒரு கோயில் நிர்வாகம் இருக்கிறது. திருப்பணிக்குப் பணம் செலவு செய்கிறவர் ஒருவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, "கணக்கில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்பவரும் அவரே. அப்படி ஒரு நிர்வாகத்தை நாம் விட்டுவைப்போமா? அன்றைக்கே கூச்சல் கிளம்பிவிடும். கோயிலில் நாம் ஒப்புக்கொள்ளாத ஏற்பாட்டை, கோடிக்கணக்கில் வரிப்பணம் புழங்கும் இடத்தில் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கோலாலம்பூரில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே. பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கு அந்த 24 பேர்கூடக் கிடையாது. 1960-ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின் கீழ் டத்தோ பண்டார் என்ற ஒரே பதவியே முழு மாநகராட்சி. அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு வாரியம் உண்டு. ஆலோசனையை அவர் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம்.

பண்டமாரான் கற்றுத் தந்த பாடம்

அப்படியானால் அதிகாரத்தை எல்லாம் எடுத்து உறுப்பினர்களின் கையில் கொடுத்துவிடலாமா? அங்கேதான் எங்கள் ஊர் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

2006-ஆம் ஆண்டு அக்டோபரில் பண்டமாரானில் எழுந்த ஒரு மாளிகை நாடு முழுவதும் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். கட்டட வரைபடம் அங்கீகரிக்கப்படும் முன்பே கட்டுமானம் நடந்தது என்பதுதான் பிரச்சினை. கட்டியவர் சட்டமன்ற உறுப்பினர். அதே நேரத்தில் கிள்ளான் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரும் ஆவார். அவருடைய குடும்பத்தாரும் அதே கழகத்தில் உறுப்பினராக இருந்தார்கள். கண்டனம் வலுத்த பிறகு அவர் கழக உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். அவர் இன்று உயிரோடு இல்லை. மறைந்த ஒருவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எடுக்கவில்லை. அதனால்தான் பெயரையும் சொல்லவில்லை.

நான் கேட்பது வேறு. ஒரு சாதாரண அமலாக்க அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு வீடு அனுமதி இல்லாமல் எழும்புகிறது. வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுப்பது உங்கள் கடமை. ஆனால் அந்த வீட்டுக்காரர் உங்கள் இலாகாவின் செலவுக் கணக்கைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பவர். உங்கள் கை அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமா? பக்கத்துத் தெருவில் சமையலறையை நான்கு அடி நீட்டிக் கட்டியவருக்கு மட்டும் கடிதம் உடனே போய்ச் சேரும். உறுப்பினரின் கை தனிப்பட்ட கோப்புக்குள் நுழைந்தால், சட்டம் ஆளைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

அடுத்த ஆண்டு, 2007 அக்டோபர் 30-ஆம் தேதி, வேறொரு பாடம். தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகாமாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. அந்தக் காட்சி நம் சமுதாயத்தின் நெஞ்சில் எப்படிப் பதிந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். நிலம் யாருடையது, அனுமதி இருந்ததா என்ற வாதங்களை இங்கே நான் எடுக்கவில்லை. அன்று என் காதில் விழுந்த கேள்வி ஒன்றுதான்: "இதை முடிவு செய்தது யார்?" வழிபாட்டுத் தலங்களை எப்படிக் கையாள்வது என்பது ஒரு கொள்கை. மாற்று இடம் கொடுத்த பிறகா, கொடுக்கும் முன்பா, திருவிழாக் காலத்திலா, இல்லையா என்பதெல்லாம் கொள்கை. கொள்கையை மக்கள் பார்க்கும் இடத்தில், பேர் சொல்லி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். உடைக்கும் இயந்திரம் வாசலில் வந்து நிற்கும்போது அதை முதல் முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டு பாடத்தையும் சேர்த்துப் பாருங்கள் நேயர்களே. கோப்பு வேறு, கொள்கை வேறு. கொள்கையை உறுப்பினர்கள் வெளிப்படையாக முடிவு செய்யட்டும். கோப்பை அதிகாரிகள் யார் முகத்தையும் பார்க்காமல் கையாளட்டும். உறுப்பினர் கோப்புக்குள் கை விட்டாலும் கெடுதல், அதிகாரி மூடிய அறையில் கொள்கை வகுத்தாலும் கெடுதல். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான்.

வெள்ளம் எழுதிய சாசனம்

இந்தப் பிரிவினை நான் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு நகரம். 1913 மார்ச்சில் ஆற்று வெள்ளம் அந்த நகரத்தை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு மக்கள் நகர நிர்வாகத்தையே திருத்தி எழுதினார்கள். அதே ஆண்டில் புதிய சாசனத்துக்கு வாக்களித்தார்கள். மக்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐவரும் சேர்ந்து, கட்சி பார்க்காமல், திறமை பார்த்து ஒரு நிர்வாகியை வேலைக்கு அமர்த்துவார்கள். 1914-ல் அந்த வேலைக்கு வந்த முதல் மனிதர் ஹென்றி வெயிட் என்ற பொறியாளர். வேலை சரியில்லை என்றால் அந்த ஐவரே அவரை நீக்கலாம். ஆனால் ஐவரில் எவரும் தனித்துப் போய் அவருக்குக் கீழே உள்ள ஊழியரிடம் "இந்தக் காரியத்தை முடித்துக் கொடு" என்று சொல்லக்கூடாது. இதுதான் அந்த முறையின் உயிர்நாடி.

எல்லா நகரமும் அதையே கட்டி அழவில்லை. சான் டியேகோ நகரம் ஓய்வூதிய நிதிக் குழப்பத்துக்குப் பிறகு, 2006-ல் இருந்து அதிகாரத்தை நிர்வாகியிடமிருந்து எடுத்து, மக்கள் தேர்ந்தெடுத்த மேயரிடம் கொடுத்தது. அதுவும் மக்கள் வாக்களித்து எடுத்த முடிவே. எந்த முறை உயர்ந்தது என்பதல்ல முக்கியம். நம் முறை நமக்குச் சரிப்படவில்லை என்றால் திருத்தலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாம் 1976-ல் எழுதியதைத் தலையெழுத்து போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

நமக்கும் வெள்ளம் வந்தது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்திருந்ததைப் பார்த்தோம். கிள்ளானிலும் பல இடங்கள் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் அறைகலன்களைத் தெருவில் எறிந்தோம், சுவரைக் கழுவினோம், மறுபடியும் சாயம் பூசினோம். சாசனத்தைத் தொடவில்லை. பெரிய ஆறு ஓர் இலாகா, தெருக் கால்வாய் ஓர் இலாகா, குப்பை அள்ளுவது வேறொரு நிறுவனம். கால்வாய் ஏன் அடைத்தது என்று மக்கள் சார்பில் எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரமுள்ள ஒரு மன்றம் வேண்டாமா?

சென்னை சொல்லும் எச்சரிக்கை

தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்குச் சென்னையைக் காட்டுகிறேன். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி அது. அங்கே மேயர் இருக்கிறார், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிர்வாக அதிகாரம் மாநில அரசு அனுப்பும் ஆணையரிடம். 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. 1996-ல் மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள். பிறகு 2016-ல் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் அதிகாரிகளே ஆண்டார்கள்.

இதில் இருந்து எனக்குத் தெரிவது இரண்டு. அதிகாரம் இல்லாத மேயரைத் தேர்ந்தெடுத்தால் மாலை மரியாதை மட்டும்தான் மிஞ்சும். தேர்தலை நடத்துவதும் நிறுத்துவதும் மேலிடத்தின் விருப்பம் என்று விட்டால், ஒரு நாள் அது நின்றே போகும். ஆகவே வாக்குச் சீட்டும் வேண்டும், யாருக்கு என்ன அதிகாரம் என்ற எல்லைக்கோடும் வேண்டும்.

நம்மிடம் இருந்தது, நாம் இழந்தது

இளைய நேயர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தலை விட மூத்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. அங்கே 12 இடங்களில் 9 இடங்களை அம்னோவும் மசீசவும் சேர்ந்து வென்றதில் இருந்துதான் பின்னாளைய கூட்டணியே பிறந்தது. அதே 1952-ல் வந்த ஒரு சட்டத்தின் வழி, அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்கள் பலவற்றிலும் மக்கள் தங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் பகை மூண்டிருந்த நேரத்தில், அந்தத் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. ஜார்ஜ் டவுன் உட்படச் சில மன்றங்களின் மீது முறைகேட்டுப் புகார்களும் இருந்தன. அவற்றை ஆராய அதே ஆண்டில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-ல் அந்த ஆணையம் அறிக்கையை முடித்துக் கொடுத்தது. புகார்களை எல்லாம் கேட்ட பிறகும் அது என்ன சொன்னது தெரியுமா? ஊராட்சி மன்றங்களை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே நடத்த வேண்டும் என்று சொன்னது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, தேர்தல் பற்றிய விதிகள் இனிச் செல்லாது என்று கதவைச் சாத்தியது.

2012-ல் பினாங்கு மாநிலம் தேர்தல் நடத்தச் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2018-ல் அன்றைய வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் தேர்தலை மீண்டும் கொண்டுவரும் எண்ணத்தை வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே, இன மோதலுக்கு இடமாகும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அதை நிராகரித்துவிட்டார்.

நமக்கு இடம் கிடைக்குமா என்ற அச்சம்

நம் வீட்டுக்குள்ளேயும் ஓர் அச்சம் இருக்கிறது. அதை மறைக்காமல் பேசுவோம். "நியமனம் என்றால் கட்சிப் பங்கீட்டில் நமக்கு இரண்டு மூன்று இடமாவது வருகிறது. தேர்தல் என்றால் சிறுபான்மையான நாம் எல்லாவற்றையும் இழந்துவிடுவோம்" என்பதே அந்த அச்சம்.

நியாயமான அச்சம்தான். ஆனால் நியமனத்தில் கிடைத்த இடம் யாருடையது என்று யோசியுங்கள். கொடுத்தவரால் அடுத்த ஆண்டு எடுக்க முடியும். அந்த உறுப்பினர் நமக்காக உரக்கப் பேசும்போதெல்லாம், நியமனக் கடிதம் அவர் கண்முன் வந்து போகும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நாற்காலியின் கால்கள் நம் வாக்கில் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 1957-ல் ஜார்ஜ் டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் யார்? தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். நம் மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரா அது? இல்லை. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி யாருடைய வாக்கில் நகர மன்றத்தைப் பிடித்தது? எல்லா இனத்தாருடைய வாக்கிலும்தான். கால்வாய்க்கு இனம் கிடையாது நேயர்களே. அடைத்துக்கொண்டால் எல்லார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். வட்டாரத்தைச் சரியாகப் பிரித்தால், ஜெயிக்க வேண்டியவர் எல்லார் வாசலிலும் போய் நிற்கத்தான் வேண்டும்.

என்ன திருத்த வேண்டும்?

சாசனத்தைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தால் ஐந்து வரிகளை எழுதுவேன்.

முதலாவது, நாற்காலியைப் பிரிப்பது. மன்றக் கூட்டத்துக்கு உறுப்பினர்களில் ஒருவர் தலைமை தாங்கட்டும். நிர்வாகத் தலைவர் திறமை பெற்ற அதிகாரியாக, அந்தக் கூட்டத்தின் முன் பதில் சொல்பவராக இருக்கட்டும்.

இரண்டாவது, கோப்புக்கு வேலி. எந்த உறுப்பினரும் தனிப்பட்ட விண்ணப்பத்தில் அதிகாரியை நேரில் நெருக்கக்கூடாது. மக்கள் குறையை எழுத்தில் கொடுக்கட்டும், அது பதிவில் ஏறட்டும். உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ கொடுக்கும் கட்டட விண்ணப்பத்தைப் பக்கத்து ஊராட்சி மன்றம் பரிசீலிக்கட்டும்.

மூன்றாவது, கதவைத் திறப்பது. சட்டத்தின் 23-வது பிரிவுப்படி முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்ததே. ஆனால் செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த விதி கிடையாது. உண்மையான பேச்சு நடப்பதோ செயற்குழுவில். சமையல் நடக்கும் இடத்தை மூடி வைத்துவிட்டு, பந்தியை மட்டும் பார்க்கச் சொல்கிறது இந்தச் சட்டம்.

நான்காவது, "காரணம் கூறாமலே" என்ற சொற்களை நீக்குவது. உரிமத்தை எடுக்கலாம். ஆனால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், முறையிட ஓர் இடத்தையும் கொடுங்கள்.

ஐந்தாவது, உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுப்பது. இது மற்ற நான்குக்கும் பூட்டு. இது இல்லாவிட்டால் மற்ற நான்கும் மேலிடத்தின் தயவில்தான் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு நாளாகும். ஆனால் செயற்குழுவின் கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம் தடை போடவில்லை. காரணத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் ஒரு மன்றம் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது

நாமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முழு மன்றக் கூட்டம் திறந்திருக்கிறது என்றேன். நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மதிப்பீட்டு வரி கட்ட வரிசையில் நிற்கிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஒரு நாளும் வரிசை நின்றதில்லை. சிலாங்கூரில் 2011-ல் தகவல் அறியும் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சி மன்றத்திடமும் அதன் வழி தகவல் கேட்கலாம். குடியிருப்போர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆளுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். பதில் வந்தால் பயன். வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதே அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி.

பேச்சை முடிக்கிறேன். போன வாரம் அந்த அண்ணன் கடையில் ரொட்டி சாப்பிட்டேன். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். "ஏன் அண்ணே அங்கே?" என்று கேட்டேன். "ரெண்டும் மேல இருக்கிறவங்க கையில தம்பி, கும்பிட்டுக்கத்தான் முடியும்" என்றார்.

சாமியைக் கும்பிடுவோம். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வரிப்பணத்தில் நடக்கும் மன்றத்தைக் கும்பிடத் தேவையில்லை. கேட்க வேண்டும். அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ள ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும் நாளில்தான், கிள்ளான் உண்மையில் மாநகர் ஆகும்.